கைக்கடிகாரம் எண்ணாத வெயில்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. பாத்திரம் கழுவப் போகும்முன் அக்கா கைக்கடிகாரத்தைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். மணிக்கட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெளிர் பட்டை. அதுதான் அவருடைய பிறவி நிறம். பட்டைக்கு மேலேயும் கீழேயும் கை நன்றாகக் கறுத்திருந்தது.

“எப்பக்கா நடக்கப் போற?”

“மத்தியானம் சாப்பிட்ட கையோட. சுகருக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாங்க. தினம் பத்தாயிரம் குறையறதே இல்ல, பாரு.”

“தொப்பி, கண்ணாடி?”

“நாம என்ன வெள்ளைக்காரங்களா? நமக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது.”

அவர் காட்டிய திரையில் அன்றைய அடிகள், இதயத்துடிப்பு, செலவான கலோரி, முந்தைய இரவு தூங்கிய மணி எல்லாம் இருந்தன. அத்தனை நாள் மேலே விழுந்த வெயிலுக்கு மட்டும் கணக்கில்லை. அந்தக் கணக்கு தோலில்தான் இருந்தது. ஒரு கைக்கடிகாரம் வெயிலையும் கணக்கில் கொள்ளலாம், அதற்கு வேண்டிய எல்லாமே ஏற்கெனவே நம் கையிலும் பையிலும் இருக்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் அடிகளை எண்ணாத வீடு குறைவு. 2015-ல் சுகாதார மேம்பாட்டு வாரியம் நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச் இயக்கத்தைத் தொடங்கி, அடி எண்ணும் பட்டைகளை இலவசமாகக் கொடுத்தது. ஹெல்தி 365 செயலியில் அடிகள் புள்ளிகளாகி, புள்ளிகள் பற்றுச்சீட்டுகளாகிக் கடையில் அரிசி பருப்பு வாங்க உதவின. 2020-ல் ஆப்பிள் நிறுவனத்தோடு சேர்ந்து, அதன் கடிகாரத்தோடு இயங்கும் லூமிஹெல்த் திட்டமும் வந்தது. இது நல்ல இயக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீரிழிவு அதிகம் உள்ள நம் சமூகத்தில், நடக்கவே தயங்கிய பலரைப் படியிறங்கிக் கீழே வரவைத்தது இதுதான். ஆனால் இந்தக் கணக்கில் காலை ஏழரை மணிக்கு வைக்கும் அடியும் மத்தியானம் ஒரு மணிக்கு வைக்கும் அடியும் ஒன்றுதான். தோலுக்கும் கண்ணுக்கும் அவை ஒன்றில்லை.

எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பார்க்க, வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரின் கடுமையை எண்ணாகச் சொல்லும் புற ஊதாக் குறியீடு உதவும். 1992-ல் கனடாவில் பிறந்த இந்த அளவுகோலை உலகச் சுகாதார நிறுவனமும் உலக வானிலை அமைப்பும் பிறகு எல்லா நாடுகளுக்கும் பொதுவாக்கின. 2 வரை குறைவு, 3 முதல் 5 வரை மிதம், 6, 7 என்றால் அதிகம், 8 முதல் 10 வரை மிக அதிகம், 11-ஐத் தொட்டுவிட்டால் உச்சம். 3-ஐத் தொட்டாலே தொப்பி, நிழல், சன்ஸ்கிரீன் என்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்றேகால் டிகிரி தூரத்தில்தான் இருக்கிறது. மேகமில்லாத நடுப்பகலில் குறியீடு இங்கே 11-ஐத் தாண்டுவது அபூர்வமே இல்லை. அதிலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையான மாதங்கள் கடுமையானவை. தேசிய சுற்றுப்புற வாரியம் காலை 7 மணியிலிருந்து இரவு 7 மணிவரை மணிக்கு மணி இந்த எண்ணை வெளியிடுகிறது. மைஇஎன்வி செயலியில் யாரும் பார்க்கலாம்.

புற ஊதாக் கதிரைத் தோல் கூட்டிக்கொண்டே போகும். குறியீட்டு எண்ணையும் வெளியே நின்ற நேரத்தையும் பெருக்கினால் அன்றைய மொத்தம் கிடைத்துவிடும். சுமாராக ஐயாயிரம் அடி நடக்க முக்கால் மணி நேரம் ஆகும். குறியீடு 12 இருக்கும் ஒரு மணிப்பொழுதில் நடந்தால் மொத்தம் 9. அதே நடை, அதே பாதை, காலை ஒன்பது மணியையொட்டிக் குறியீடு 2 இருக்கும்போது நடந்தால் ஒன்றரை. அடிகளின் எண்ணிக்கை மாறவில்லை, வெயிலின் அளவு ஆறு மடங்கு. கூட்டிக் கணக்கு வைப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவி ஒன்று மணிக்கட்டில் இருக்கும்போது இந்தக் கணக்கை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

இந்த ஊரின் கடிகாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களை அதுதான் அதிகம் ஏமாற்றுகிறது. சென்னையில் சூரியன் பன்னிரண்டு மணியையொட்டி உச்சிக்கு வந்துவிடும். ‘உச்சிவெயில்’ என்றால் நம் மனத்தில் பன்னிரண்டு மணிதான். சிங்கப்பூரில் அப்படி இல்லை. 1982 ஜனவரி 1 அன்று மலேசியாவோடு ஒத்துப்போகக் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. ஏற்கெனவே சூரியனைவிட முந்தியிருந்த நேரம் இன்னும் முந்தியது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கு. பிப்ரவரியில் ஒன்று இருபதை நெருங்கும், நவம்பர் தொடக்கத்தில் ஒரு மணிக்குச் சற்று முன்பே வந்துவிடும்.

இதன் விளைவைக் கவனித்துப் பாருங்கள். காலைப்பொழுது நமக்குச் சாதகம். விடிவதே ஏழு மணியையொட்டித்தான், ஒன்பது மணிவரை தாராளமாக நடக்கலாம். மாலைதான் சிக்கல். ‘நாலு மணி ஆச்சு, வெயில் தாழ்ந்திருக்கும்’ என்று ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புகிறோமே, அந்த நாலு மணி சூரியக் கணக்கில் மூன்றுகூட ஆகாத நேரம். வானம் வெளுத்திருந்தால் அப்போதும் குறியீடு 5, 6 என்று நிற்கும். ஐந்தரை ஆனால்தான் கவலையில்லாத அளவுக்கு இறங்கும். பெடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி நாலு மணிக்கே மெதுவோட்டம் ஓடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லவேண்டும் போலிருக்கும்.

உடம்பு உணரும் சூட்டை நம்பியும் பயனில்லை. புற ஊதாக் கதிருக்குச் சூடு கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. மெல்லிய மேகம் வெப்பத்தைத் தணித்துக் காட்டும், கதிரின் பெரும்பகுதியை விட்டுவிடும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடற்காற்று வீசும் மேகமூட்டமான பதினொரு மணி, மிதிவண்டி ஓட்ட அருமையான பொழுதாகத்தான் தோன்றும். வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் பின்கழுத்து எரியும். வெப்பத்துக்கென்று தேசிய சுற்றுப்புற வாரியம் 2023 முதல் வெப்ப அழுத்த அறிவுரையைத் தனியாக வெளியிடுகிறது. அது வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்துச் சொல்லும் எண். ஒன்று குறைந்திருந்தால் மற்றதும் குறைந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, கடிகாரமே வெயிலை அளக்கக் கூடாதா? அதையும் செய்து பார்த்தார்கள். 2014-ல் வந்த மைக்ரோசாஃப்ட் பேண்டிலும் சாம்சங் கியர் எஸ் கடிகாரத்திலும் புற ஊதா உணரி இருந்தது. அதே காலத்தில் நெட்டாட்மோ நிறுவனம் நகை போன்ற ஒரு கைப்பட்டையை விற்றது. லோரியால் 2016-ல் தோலில் ஒட்டிக்கொள்ளும் ஒட்டு ஒன்றையும், 2018-ல் நகத்தில் ஒட்டும் சிறு உணரியையும் அறிமுகப்படுத்தியது. கடைகளில் இன்று கிடைக்கும் பிரபலக் கடிகாரங்களில் அந்த உணரியைக் காண்பது அரிது.

காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு முறை கையை வீசி நடந்து பார்த்தால் போதும். கடிகார முகப்பு வானத்தைப் பார்ப்பதே இல்லை, பக்கவாட்டில் திரும்பியிருக்கும். சட்டைக் கை வந்து மூடும், வியர்வையும் சன்ஸ்கிரீனும் படியும். மூக்கு நுனியிலும் தோளிலும் காது மடலிலும் விழும் வெயில் ஒரு அளவு, மணிக்கட்டில் விழுவது வேறு அளவு. சில கருவிகளில் நின்று, கையைத் திருப்பிச் சூரியனுக்குக் காட்டினால்தான் எண் வரும். ஓடுகிறவர் அதை எத்தனை நாள் செய்வார்? சூரிய ஒளியில் மின்னேற்றிக்கொள்ளும் கடிகாரங்கள் ஒளியின் அளவைக் காட்டுகின்றன. அது கண்ணுக்குத் தெரியும் ஒளி, அதைப் புற ஊதாக் கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. ஆப்பிள் கடிகார முகப்பில் தெரியும் புற ஊதா எண்ணும் வானிலை முன்னறிவிப்பிலிருந்து வருவதுதான்.

என் கருத்தில் உணரி இல்லாதது பெரிய குறையே இல்லை. கடிகாரத்துக்கு நேரம் தெரியும், நாம் நிற்கும் இடம் தெரியும், நடக்கிறோமா உட்கார்ந்திருக்கிறோமா என்பதும் தெரியும். குறியீட்டு எண் மணிக்கு மணி அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் இருக்கிறது, செயலி எழுதுகிற எவரும் எடுத்துக்கொள்ளலாம். இந்த நான்கையும் சேர்த்தால் போதும். ‘இப்போது 9, இன்னும் ஒரு மணி நேரம் ஏறும்’ என்று கதவைத் திறக்கும்போதே மணிக்கட்டில் ஓர் அதிர்வு வரலாம். இரண்டு மணி நேரம் வெளியே இருந்தவருக்குச் சன்ஸ்கிரீனை மறுபடி பூசச் சொல்லலாம். 2022-ல் உலகச் சுகாதார நிறுவனமும் பிற ஐ.நா. அமைப்புகளும் வெளியிட்ட சன்ஸ்மார்ட் குளோபல் யுவி செயலி, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை பாதுகாப்பு வேண்டும் என்பதை ஊர் வாரியாகச் சொல்கிறது. அதையும் அடி எண்ணும் செயலியையும் இணைக்கும் பாலம்தான் இன்னும் சரியாகப் போடப்படவில்லை. மர நிழலில் நடந்தாரா வெட்டவெளியில் நடந்தாரா என்பது கடிகாரத்துக்குத் தெரியாது என்பது உண்மை. அதை அணிந்திருப்பவருக்குத் தெரியுமே.

இனி அக்கா சொன்ன ‘நாம என்ன வெள்ளைக்காரங்களா’ என்ற பேச்சுக்கு வருகிறேன். நம் வீடுகளில் இதைக் கேட்காதவர் இருக்க முடியாது. அதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவது சரியில்லை. தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் நம்மைக் காக்கத்தான் செய்கிறது. சிங்கப்பூரின் புற்றுநோய்ப் பதிவுகளிலும் தோல் புற்றுநோய் சீனர்களைவிட மலாய்க்காரர்களிடமும் இந்தியர்களிடமும் குறைவு. கறுத்த தோலில் வரும் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற இடங்களில் வருவது, அதற்கு வெயில் காரணமும் இல்லை. வெள்ளைத் தோலுக்காக எழுதிய ஆஸ்திரேலிய எச்சரிக்கைகளை அப்படியே எடுத்து நம்மிடம் படித்தால் யாரும் காதில் போட்டுக்கொள்ளாததற்கு இதுவே காரணம்.

ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு ஓர் அளவு உண்டு. மிகக் கறுத்த தோலுக்கே இயற்கைப் பாதுகாப்பு, சன்ஸ்கிரீன் எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் எஸ்பிஎஃப் எண்ணில் 13 அளவுதான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மாநிறத்துக்கு அதைவிடக் குறைவு. தோல் கன்றிப்போவதற்கு முன்பே செல்களுக்குள் மரபணுச் சேதம் தொடங்கிவிடும். நம் தோலில் வெயில் முதலில் காட்டுவது மங்கு. கன்னத்திலும் நெற்றியிலும் திட்டுத் திட்டாகப் படரும் அந்தக் கருமைக்காக நம் பெண்கள் எத்தனை களிம்பு வாங்கியிருப்பார்கள்! காலை மாலை களிம்பு பூசிவிட்டு மத்தியானம் வெறும் முகத்தோடு நடந்தால் அது போகவே போகாது. மங்குக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் ஒரு காரணம் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறமுள்ள சன்ஸ்கிரீன் நமக்குக் கூடுதலாக உதவும். முகத்தில் வெண்சாம்பல் பூத்தது போல் நிற்கும் தொல்லையும் அதில் இல்லை.

கண்ணுக்கு இந்தச் சலுகையும் கிடையாது. தோல் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும், கண்ணுக்குள் போகும் கதிரை அது தடுக்காது. கண்புரைக்கும், வெள்ளைவிழியிலிருந்து கருவிழிமேல் படரும் சதைவளர்ச்சிக்கும் ஆண்டுக்கணக்கில் சேரும் புற ஊதாக் கதிர் ஒரு காரணம். நீரிழிவும் கண்புரையைச் சீக்கிரம் கொண்டுவரும். அக்காவைப் போலச் சர்க்கரைக்காகத் தினமும் ஒரு மணி வெயிலில் நடக்கிறவர் இரண்டையும் ஒன்றாகச் சுமக்கிறார். அவருக்கு நான் முதலில் வாங்கிக் கொடுக்க நினைத்தது விளிம்பு அகன்ற தொப்பியும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யுவி 400 என்று குறித்த கண்ணாடியும்தான், சன்ஸ்கிரீன் அதற்கு அடுத்துத்தான்.

சன்ஸ்கிரீனில் இன்னொன்றும் இருக்கிறது. புட்டியில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்த எண். நாம் பூசுவது அதில் கால்வாசி, அரைவாசி. இந்த ஊர் வியர்வையில் அதுவும் வழிந்துவிடும். துணி வழிந்து போகாது. யுபிஎஃப் 50 என்று குறித்த முழுக்கைச் சட்டை ஐம்பதில் ஒரு பங்குக் கதிரை மட்டும் உள்ளே விடும். மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை நனைந்துவிட்டால் அதன் பாதுகாப்பு இன்னும் குறையும். ஞாயிறு மத்தியானம் திடல்களில் கிரிக்கெட் ஆடும் நம் ஊழியர் தம்பிகள் நனைந்த பனியனோடு மூன்று மணி நேரம் ஃபீல்டிங் நிற்கிறார்கள். வாரம் முழுவதும் கட்டுமானத் தளத்தில் வெயில் வாங்கியவர்கள் அவர்கள். கிடைத்த ஒரே விடுமுறைப் பொழுதை மாற்றிக்கொள்ளச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழுவுக்குச் சட்டை தைக்கக் கொடுக்கும்போது முழுக்கையாகவும் சிறிய காலரோடும் கேட்டால் செலவு பெரிதாகக் கூடாது.

பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோருக்குக் குழப்பம் வருவது இயல்பு. கிட்டப்பார்வை அதிகமுள்ள இந்த ஊரில் ‘வெளியே அனுப்புங்கள், தினம் இரண்டு மணி நேரமாவது வெளிச்சத்தில் விளையாடட்டும்’ என்று கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள். இதற்காகவே சிங்கப்பூர் கண் ஆய்வுக் கழகத்தினர் ஃபிட்சைட் என்ற கடிகாரத்தை உருவாக்கிப் பார்த்தார்கள். பிள்ளை எத்தனை அடி நடந்தது என்பதோடு, எவ்வளவு நேரம் வெளிச்சத்தில் இருந்தது என்பதையும் பெற்றோரின் கைபேசிக்கு அது சொல்லும். 2023-ல் ஆப்பிள் கடிகாரத்திலும் பகல்வெளிச்சத்தில் இருந்த நேரத்தைக் காட்டும் வசதி வந்தது. வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம் என்றால் எப்படி என்று கேட்பீர்கள். இங்கேயே நடந்த அளவீடுகளில், மர நிழலிலும் தொப்பி, கறுப்புக் கண்ணாடி அணிந்தும்கூட கண்ணுக்கு எட்டும் ஒளி வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது. ஆகவே காலை எட்டு மணி விளையாட்டுத் திடலும் மாலை ஆறு மணி மர நிழலும் பிள்ளையின் கண்ணுக்கு உதவும்.

கருவியை நம்புவதிலும் ஓர் ஆபத்து உண்டு. 1990-களின் இறுதியில் ஐரோப்பிய மாணவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவினருக்கு எஸ்பிஎஃப் 10, இன்னொரு பிரிவினருக்கு 30. யாரிடம் எது என்று அவர்களுக்குத் தெரியாது. 30 கிடைத்தவர்கள் வெயிலில் கூடுதல் நேரம் கிடந்தார்கள். தோல் எரியவில்லை, அதனால் எழுந்து போகவும் தோன்றவில்லை. ‘இன்றைய அளவில் இன்னும் மீதம் இருக்கிறது’ என்று ஒரு செயலி காட்டினால் அந்த மீதத்தையும் செலவழிக்கத்தான் மனிதனுக்குத் தோன்றும். அதனால் வெயிலைத் தீர்க்க வேண்டிய இலக்காகக் காட்டவே கூடாது. எந்த நேரத்தில் நடக்கலாம் என்று முன்கூட்டிச் சொல்வதும், நடந்து முடித்தபின் அந்த நேரம் எப்படிப்பட்டது என்று காட்டுவதுமே நல்லது.

சுகாதார மேம்பாட்டு வாரியத்தை நான் கேட்டுக்கொள்வதும் அதுதான். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஐந்தரைக்குப் பின்னும் வைக்கும் அடிகளுக்குச் சற்றுக் கூடுதல் புள்ளி கொடுத்துப் பாருங்கள். பற்றுச்சீட்டுக்காக நடக்க வந்த ஊர், பற்றுச்சீட்டுக்காக நேரத்தையும் மாற்றிக்கொள்ளும். மத்தியானம் மட்டுமே ஓய்வு கிடைக்கிறவர்கள் புள்ளியை இழக்கக் கூடாது, அவர்களுக்கு நிழலான பாதையைக் காட்டினால் போதும்.

நிழலான பாதைக்கு இங்கே பஞ்சமில்லை. 2013-ல் தொடங்கிய வாக்டுரைட் திட்டத்தில் மட்டும் எம்ஆர்டி ரயில் நிலையங்களைச் சுற்றி 200 கிலோமீட்டர் அளவுக்கு மேற்கூரை நடைபாதை போட்டிருக்கிறார்கள். அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளங்களையும் சேர்த்தால் மழைக்குக்கூடக் குடை வேண்டாம்.

அன்றைக்குப் பாத்திரம் கழுவி முடித்ததும் அக்காவின் கைபேசியை வாங்கி, அடிகளை மணிவாரியாகக் காட்டும் பக்கத்தைத் திறந்து காட்டினேன். ஒன்றிலிருந்து இரண்டுவரை தென்னை மரம் போல ஒரே ஒரு நெட்டைக் கோடு, மற்ற நேரமெல்லாம் புல். பக்கத்தில் மைஇஎன்வி-யைத் திறந்தேன். அதன் வளைவும் அதே ஒரு மணியையொட்டித்தான் உச்சிக்கு ஏறியிருந்தது. அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப நாலு மணிக்கு மாத்திக்கவா?” என்றார். நாலு மணிக்கு நேரே இருந்த எண்ணைத் தொட்டுக் காட்டினேன்.

சாப்பிட்டதும் நடப்பது சர்க்கரைக்கு நல்லது என்பதால் அதை நிறுத்தச் சொல்லவில்லை. இப்போது மத்தியானம் பதினைந்து நிமிடம், புளோக்கிலிருந்து எம்ஆர்டி வரைக்கும் கூரைக்கடியிலேயே போய்வருகிறார். மிச்சம் காலையில், ஏழரைக்குக் கிளம்பி ஈரச்சந்தைக்கு நடந்தே போய், கீரையும் மீனும் வாங்கிக்கொண்டு பேருந்தில் திரும்புகிறார். நேற்று அனுப்பிய படத்தில் கோடு மூன்றாகப் பிரிந்திருந்தது, பத்தாயிரத்துக்கு நானூறு குறைவு. மணிக்கட்டில் அந்த வெளிர் பட்டை இன்னும் அப்படியேதான் இருக்கிறதாம்.